தழும்பு விழாத தோட்டா

நிவெஸ் தன் காளான் கூடையைக் கொண்டுவந்து சமையலறை மேஜைமேல் வைத்தபோது, லூச்சில்லா சோளமாவுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"துவிலியோ எங்க?" என்று கேட்டாள் நிவெஸ்.

"மேல படுத்திருக்கான். விடியக்காலைல மலைக்குப் போனவன் இப்பதான் வந்தான்."

"தூங்கட்டும். நீ அந்த அடுப்ப அணைச்சுட்டு இங்க வா."

கூடையிலிருந்து பெரிய காளான் ஒன்றை எடுத்து லூச்சில்லாவின் கையில் வைத்தாள். அதன் பழுப்புக் குடையில் நான்கு சின்னத் துளைகள் இருந்தன. நிவெஸ் ஒரு துளையை நகத்தால் நோண்டினாள். மிளகைவிடச் சிறிய ஈயக் குண்டு ஒன்று மேஜைமேல் விழுந்து உருண்டது.

"உங்க வேட்டைக் குடிசைக்குக் கீழ, ஓடைப் பக்கமா குனிஞ்சு பறிச்சுக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டுச்சு, கூடை குலுங்குச்சு. சிவப்புச் சட்டை போட்டிருந்தேன் லூச்சில்லா, ஒரு மைல் தள்ளி நின்னாலும் தெரியும். 'நாந்தான்டா'ன்னு கத்தினேன். உன் புருஷன் குடிசைய விட்டு வெளிய வந்து, தொப்பியத் தூக்கி, 'வணக்கம் அம்மா, வழி தவறிட்டீங்களா'ன்னு கேக்குறான். என்னை யாருன்னே அவனுக்குத் தெரியல."

நிவெஸ் முப்பது வருஷமாக அடுத்த வீட்டுக்காரி. துவிலியோவின் அம்மா செத்தபோது பிணத்துக்கு உடை மாட்டியவளே அவள்தான்.

"நான் காவல் நிலையத்துக்குப் போகல. போகவும் மாட்டேன். ஆனா நீ ஏதாவது செய்யணும். அடுத்த தடவ கூடையோட போகாது."

காளான்களை அங்கேயே விட்டுவிட்டு அவள் போய்விட்டாள். லூச்சில்லா களியைத் திரும்ப அடுப்பில் ஏற்றவில்லை. அந்த ஒரு ஈயக் குண்டை எடுத்துக் குப்பையில் போட்டாள். பிறகு மீதி மூன்றையும் கத்தி முனையால் நோண்டி எடுத்துப் போட்டாள்.

துவிலியோ துப்பாக்கிக் குழல் செய்கிறவன். இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் துப்பாக்கி வேலைதான் செய்கிறார்கள், ஆனால் குழலை நேராக்கத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். குழலை ஜன்னல் பக்கம் நீட்டி உள்ளே பார்த்தால் ஒளி வளையம் வளையமாகத் தெரியும். ஒரு வளையம் ஒரு மயிரளவு ஒதுங்கினாலும் குழல் அங்கே வளைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தைச் சுத்தியால் ஒரு தட்டு, மறுபடி பார்வை, மறுபடி ஒரு தட்டு. நாற்பது வருஷம் அதைச் செய்தவன் ஒரு நாள் குழலை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தான். பக்கத்து மேசைக்காரர்கள் முதலில் கவனிக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் போய்த் தோளைத் தொட்டபோது, "இதுல எதப் பாக்கணும்னு யாராவது சொல்லுங்கப்பா" என்றானாம்.

அப்போது அவனுக்கு அறுபத்திரண்டு. பிரேஷா நகரத்தில் மருத்துவர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு நோயின் பெயரைச் சொன்னார். துவிலியோவை வெளியே உட்கார வைத்துவிட்டு லூச்சில்லாவிடம் தனியாகக் கேட்டார்: "வேட்டைக்குப் போவாரா?"

"போவாரு."

"உரிமம் இன்னும் எத்தனை வருஷம் இருக்கு?"

"மூணு."

"நான் ஒரு கடிதம் எழுதினா போதும், வீட்டுக்கே வந்து துப்பாக்கிய எடுத்துட்டுப் போயிடுவாங்க. எழுதட்டுமா?"

"இப்ப வேணாம் டாக்டர். நானே பக்குவமா சொல்லிப் பாக்குறேன். என்கிட்ட விடுங்க."

அந்த வார்த்தையை நினைத்து அவள் பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே நொந்துகொண்டாள். மருத்துவர் தலையாட்டினார், இரண்டு மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்.

பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாள். "இந்த ஒரு பருவம் மட்டும், அப்புறம் நானே குடுத்துடறேன்" என்பான். மறுநாள் அந்தப் பேச்சே அவன் நினைவில் இருக்காது. ஒருமுறை துப்பாக்கி அலமாரியின் சாவியை ஒளித்து வைத்தாள். வீட்டுக்குள் திருடன் வந்துவிட்டான் என்று நம்பிக்கொண்டு, அவளைக் காப்பாற்றுவதற்காக அவன் வாசற்கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தான். சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டான். மூன்றாம் நாள் அவளே சாவியைச் சர்க்கரை டப்பாவில் 'கண்டுபிடித்து' அவன் கையில் கொடுத்தாள்.

செவ்வாயும் வெள்ளியும் வேட்டைக்குத் தடை உள்ள நாட்கள். வாரத்தில் அந்த இரண்டு நாள்தான் அவள் மூச்சு விட்டாள். அவளும் துப்பாக்கிப் பட்டறையில்தான் வேலை செய்தாள்; மற்ற நாட்களில் மலையில் எங்கே வெடிச்சத்தம் கேட்டாலும் கையிலிருக்கும் அரத்தைக் கீழே வைத்துவிடுவாள். நூறு துப்பாக்கிச் சத்தத்தில் அவன் துப்பாக்கியின் சத்தம் அவளுக்குத் தனியாகத் தெரியும்.

தெரியாமல் எப்படி இருக்கும்? அது அவர்கள் இருவரும் சேர்ந்து செய்தது. கல்யாணத்துக்கு முந்திய குளிர்காலம் முழுக்க, வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து செய்தார்கள். இரட்டைக்குழல், கையில் எடுத்தால் எடையே தெரியாது. குழல் இரண்டும் அவன் வேலை. குழலைத் துப்பாக்கியின் உடலோடு பொருத்துவது அவள் வேலை. விளக்குப் புகையில் இரும்பைக் கறுப்பாக்கி, மூடி, திறந்து, கரி எங்கே ஒட்டியிருக்கிறதோ அந்த இடத்தில் மட்டும் அரத்தால் ஒரு இழுப்பு. மறுபடி புகை, மறுபடி மூடு, மறுபடி திற. இப்படி இருநூறு, முன்னூறு தடவை. கடைசியில் சிகரெட் தாள் நுழையக்கூட இடுக்கு இருக்காது. முப்பத்தைந்து வருஷம் மழையிலும் பனியிலும் சுட்டாகிவிட்டது. ஒருமுறை மெல்லா ஆற்றில் விழுந்து மூன்று மணி நேரம் கழித்துக் கிடைத்தது. தண்ணீரை வடித்துவிட்டுச் சுட்டான், வெடித்தது. ஒரே ஒரு தடவைகூட அது ஏமாற்றியதில்லை.

நிவெஸ் வந்துபோனதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, துவிலியோ மதியம் தூங்கும் நேரத்தில், லூச்சில்லா துப்பாக்கியைத் தோலுறையில் போட்டுப் பட்டறைக்கு எடுத்துப் போனாள். அது தெரென்ஸியோவின் பட்டறை. அவர், அவள், இன்னும் மூன்று பேர். சாப்பாட்டு நேரமாகையால் ஒருவரும் இல்லை.

தோட்டாவின் பின்பக்கத்தில் செப்புப் பொட்டு ஒன்று இருக்கும். விசையை இழுத்தால் உள்ளே இருக்கும் சின்ன இரும்பு முள் பாய்ந்து அந்தப் பொட்டைக் குத்தும், அப்போதுதான் மருந்து பற்றும். முள் கொஞ்சம் குட்டையாக இருந்தால் குத்தாது. துப்பாக்கி பார்க்க அப்படியே இருக்கும், திறக்கும், மூடும், 'டிக்' என்று சத்தமும் கேட்கும், வெடிக்காது.

பழைய முட்களில் அரத்தை வைக்க அவளுக்குக் கை வரவில்லை. அவற்றைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்து வைத்துவிட்டு, புதிதாக இரண்டு முட்களைக் கடைந்தாள். ஒன்றரை மில்லிமீட்டர் குட்டை. கடைந்து முடித்ததும் எண்ணெய்க் கல்லில் தேய்த்து மெருகேற்றினாள். வேலை செய்யக் கூடாத முள்ளுக்கு எதற்கு மெருகு என்று பாதியில் தோன்றியது. அப்படியே விட்டுவிட அந்தக் கைக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை அவன் மலைக்குப் போனான். அவள் வேலைக்குப் போனாள். காலை முழுக்க மற்றவர்களின் துப்பாக்கிகள் வெடித்தன, அவனுடையது வெடிக்கவில்லை. ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் அவள் அரத்தைக் கீழே வைக்காமல் வேலை செய்தாள். அவன் கோபத்தோடு வருவான், துப்பாக்கியைத் திட்டுவான், 'சரி, பழசாயிடுச்சு, விடு' என்று தான் சொல்லிவிடலாம், அத்தோடு முடிந்தது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

மதியம் வீட்டுக்கு வந்தபோது அவன் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். சேற்றுக் காலணியைக் கழற்றவில்லை. எதிரே மேஜைமேல் ஆறு தோட்டாக்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தான்.

"என்ன ஆச்சு?"

"லூச்சி, இங்க வந்து பாரு. உன் கண்ணு நல்லா இருக்கு. இதுல தழும்பு ஏதாவது தெரியுதா?"

அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "தெரியல."

"எனக்கும் தெரியல." அவன் நிதானமாகவே பேசினான். கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "காட்டுப்புறா ஒண்ணு வந்துச்சு. குறி வெச்சேன், இழுத்தேன். அப்புறம் இன்னொண்ணு. ஆறு தடவ இழுத்தேன்னு நெனப்பு. ஆனா தழும்பு இல்லையே. முள்ளு குத்தியிருந்தா தழும்பு விழுந்திருக்கணும்ல?"

"துவிலியோ, துப்பாக்கில ஏதாவது..."

"துப்பாக்கில என்ன? அது நாம செஞ்சது." அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தான். "நான் விசைய இழுக்கவே இல்ல. இழுத்ததா நெனச்சுக்கிட்டு அங்க உக்காந்திருந்திருக்கேன். காலைல இருந்து."

சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு வாய்வரை வந்தது. சொன்னால் முள் திரும்பப் போகும், முள் போனால் துப்பாக்கி மலைக்குப் போகும், மலையில் யாராவது குனிந்து ஏதாவது பறித்துக்கொண்டிருப்பார்கள். அவள் ஆறு தோட்டாக்களையும் அள்ளி டப்பாவில் போட்டுவிட்டு, அவன் காலணியின் நாடாவை அவிழ்க்கக் குனிந்தாள்.

வியாழக்கிழமை காலை துவிலியோ துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்கே வந்துவிட்டான். லூச்சில்லா தன் மேசையில் இருந்தாள். வீட்டில் அதைத் தானே பிரித்துப் பார்க்க முயன்றிருக்கிறான், எந்தத் திருகை முதலில் கழற்றுவது என்பது நினைவுக்கு வரவில்லை. அதை எல்லோர் முன்னாலும் வெட்கப்படாமல் சொன்னான்.

"தெரென்ஸியோ, ஒரு உதவி. இத ஒருவாட்டி தொறந்து பாத்துச் சொல்லு. சந்தேகம் எல்லாம் இல்ல. சும்மா, மனசுக்கு."

"உன் பொண்டாட்டி இங்கதான இருக்கா, அவ பாக்க மாட்டாளா?" என்று தெரென்ஸியோ கேலியாகச் சொன்னார். "இல்ல, இந்த வயசுல ரெண்டு பேரும் சண்டையா?"

"அவ பாத்தா எனக்குப் பரிஞ்சு பேசுவா. நீ பேச மாட்ட."

பட்டறையில் இருந்த மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். தெரென்ஸியோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருகுகளைக் கழற்றினார். முட்கள் இரண்டும் அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தன. வெளிச்சத்துக்காகத் திரும்புகிறவர்போல் துவிலியோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றார். ஒரு முள்ளை விரலில் உருட்டினார். நுனியைப் பார்த்தார். அதன் மெருகைப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவருக்கு அது யார் கை என்று தெரிய இரண்டாவது முள் தேவைப்படவில்லை. தலையை நிமிர்த்தி லூச்சில்லாவைப் பார்த்தார்.

அவள் கண்ணை எடுக்கவில்லை. அரத்தைப் பிடித்தபடியே, வேண்டாம் என்பதுபோல் தலையை மிக லேசாக அசைத்தாள்.

"என்னப்பா, இவ்வளவு நேரம்?" என்றான் துவிலியோ.

தெரென்ஸியோ முட்களைத் திரும்பப் போட்டார். திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். துப்பாக்கியைத் துணியால் துடைத்தார். துடைக்க வேண்டியதைவிட அதிக நேரம் துடைத்தார்.

"ஒண்ணும் இல்ல. நல்லாதான் இருக்கு," என்றார்.

"தெரியும்," என்றான் துவிலியோ. "தெரியும். சும்மாதான் கேட்டேன்."

அவன் துப்பாக்கியை வாங்கவில்லை. இரண்டு கையையும் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு, "லூச்சி, வரும்போது நீயே எடுத்துட்டு வந்துடு" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். வாசலில் நின்று இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். பிறகு திரும்பி வந்து, வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டான். அதுவரை அவன் அதை யாரிடமும் கேட்டதில்லை.

அன்று மாலை மற்ற மூவரும் போன பிறகு தெரென்ஸியோ விளக்கை அணைக்காமல் நின்றார்.

"நான் நல்லா இருக்குன்னு சொன்ன துப்பாக்கிய உலகத்துல எவனும் திரும்பத் தொறந்து பாக்க மாட்டான். அத வெச்சுதான் நம்ம அஞ்சு பேரும் சாப்பிடுறோம்."

"தெரியும்."

"இன்னைக்கு ஒரு பொய் சொன்னேன். அதுவும் அவன்கிட்ட."

"வேற என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்."

தெரென்ஸியோ கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "எனக்கும் தெரியலம்மா," என்றார்.

ஒரு வாரத்தில் துவிலியோ தானாகவே சொன்னான், துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம் என்று. விசையை இழுத்தோமா இல்லையா என்று தெரியாதவன் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று அவனே காரணமும் சொன்னான். இரண்டு வருஷமாக அவள் எந்த வார்த்தைக்காகக் கெஞ்சினாளோ அதே வார்த்தை. லூச்சில்லா பழைய முட்களைத் திரும்பப் பொருத்தி, எண்ணெய் போட்டு, காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வந்தாள். நிவெஸ் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளைப் பார்த்து, "நல்ல காரியம் பண்ணின" என்றாள். மலை பத்திரமாக இருந்தது.

ஆனால் துவிலியோ அதோடு நிற்கவில்லை. தன்னை நம்புவதை விட்டுவிட்டான். அதுவரைக்கும் காலையில் காப்பி அவன்தான் போடுவான். இப்போது பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றினேனா என்று அவளைக் கேட்டான். ஊற்றியிருப்பான். முகம் மழித்துவிட்டு வந்து, மழித்தேனா என்று கேட்டான். கன்னத்தைத் தடவிப் பார்த்தும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. கை அறிந்த வேலைகள் கடைசிவரை போகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். போகாதவற்றையும் அவனே ஒவ்வொன்றாக விட்டான். கிறிஸ்துமஸுக்குள் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுச் சரியா என்று பார்க்கச் சொல்ல ஆரம்பித்தான். பனி உருகும் சமயத்தில் பொத்தானையே அவள்தான் போட வேண்டியிருந்தது.

நோய் முற்றுகிறது என்று புது மருத்துவர் சொன்னார். இருக்கலாம். எது நோய், எது தான் செய்தது என்று லூச்சில்லாவால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. முன்னூறு தடவை மூடித் திறந்து, கரி ஒட்டிய இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவளுக்கு இதில் எங்கே தொடுவது என்று தெரியவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தெளிவாக இருந்தான். நிவெஸின் பெயரைச் சொன்னான். பூசைக்குப் போய் வந்து முயல் கறி சாப்பிட்டு, ஜன்னலோரம் வெயிலில் உட்கார்ந்தான். இனிமேல் துப்பாக்கி வீட்டில் இல்லை, சொன்னால் யாருக்கும் ஆபத்தில்லை என்று லூச்சில்லா நினைத்தாள். மேசை இழுப்பறையிலிருந்து அந்த இரண்டு குட்டை முட்களையும் கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது என்ன தெரியுதா?"

அவன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். "அடிமுள்ளு. உன் வேல. ஆனா குட்டையா இருக்கே, இது குத்தாதே."

"ஆமா, குத்தாது. போன அக்டோபர்ல நம்ம துப்பாக்கில இததான் போட்டு வெச்சிருந்தேன். நீ ஆறு தடவயும் இழுத்த துவிலியோ. சரியாதான் இழுத்த. வெடிக்காம பண்ணினது நான்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் கோபம் வரட்டும் என்று அவள் காத்திருந்தாள். எழுந்து திட்டட்டும், கையை ஓங்கட்டும், அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"லூச்சி," என்றான். "உன் மேசைல இருந்து வெளிய போன துப்பாக்கி ஒண்ணாவது சுடலன்னு திரும்பி வந்திருக்கா?"

"இல்ல. ஆனா இது..."

"ஒண்ணுகூட இல்ல. நீயா கெட்ட முள்ளு பண்ணிப் போடுவ?" அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். "எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு இத உக்காந்து பண்ணிக் கொண்டாந்திருக்க. மெருகெல்லாம் போட்டு. எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நிஜமா சொல்றேன். தெரென்ஸியோவக் கேளு."

"அவன்தான் தொறந்து பாத்துச் சொன்னானே, நல்லா இருக்குன்னு. அது எனக்கு ஞாபகம் இருக்கு." அதில் அவனுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. "எல்லாம் மறந்துடல."

இருந்த சாட்சி தெரென்ஸியோ ஒருவர். அவரைப் பொய் சொல்ல வைத்தவள் அவள். அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வெயிலில் கண்ணை மூடினான். சற்றுக் கழித்துத் திடுக்கிட்டு எழுந்தான்.

"அடுப்புல பால் வெச்சேனா நான்? அணைச்சேனா?"

அன்று அவன் அடுப்புப் பக்கமே போகவில்லை. லூச்சில்லா எழுந்து சமையலறைக்குப் போனாள். அடுப்பு காலியாக, சில்லென்று இருந்தது.

"அணைச்சுட்ட," என்று அங்கிருந்தே சொன்னாள். "சரியாதான் அணைச்சிருக்க."

"நீ சும்மா சொல்ற," என்றான் அவன். "இன்னொரு தடவ பாரு."